யுனிசெஃப் ‘ஈ.சி.டி. கிட்’: பேரிடருக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டி எவ்வளவு தூரம் உதவும்?

நிவாரண முகாமுக்கு அரிசி வரும், பால் பவுடர் வரும், பாய், போர்வை, தார்ப்பாய் எல்லாம் வரும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கென்று வருவது பெரும்பாலும் பிஸ்கட் பாக்கெட்டோடு நின்றுவிடும். அந்தக் குறையை மனதில் வைத்து யுனிசெஃப் தயாரித்ததுதான் ஈ.சி.டி. (மழலைப் பருவ வளர்ச்சி) கிட் எனப்படும் விளையாட்டுப் பெட்டி. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கம் உட்படப் பல பேரிடர்களில் இது பயன்பட்டிருக்கிறது. ஒரு பெட்டி 50 பிள்ளைகளுக்கு என்பது கணக்கு. பிறந்த குழந்தை முதல் ஆறு வயது வரை என்று ஆரம்பித்து, பிறகு எட்டு வயது வரை என்று நீட்டினார்கள்.

பொருட்களின் தேர்வில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் பெட்டி வந்து இறங்கிய பிறகு நடப்பதில்தான். பெட்டியைத் திறக்கும் ஆள் யார், எத்தனை மாதம் அங்கே இருப்பார், பிள்ளையின் அம்மாவுக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் வைத்துக்கொண்டு வாங்கினால் இது அருமையான பெட்டி. இல்லையென்றால் பொம்மைப் பெட்டி, அவ்வளவே.

உள்ளே இருப்பவை: வண்ணக் கட்டைகள், அடுக்கவும் பிரிக்கவும் பெட்டிகள், எண்ணிப் பழகும் வட்டு, புதிர்ப்பலகைகள், டோமினோ, ஞாபக விளையாட்டு, கோக்கும் மணிகள், ஸ்பாஞ்சுப் பந்து, கைப்பாவைகள், தடித்த அட்டைப் புத்தகங்கள், கிரேயான், தாள், விளையாட்டுக் களிமண். கூடவே சோப்பும் தண்ணீர்ப் பாத்திரமும். பொம்மைப் பெட்டியில் சோப்பு எதற்கு என்று சிலர் அதை எடுத்துச் சமையல் பக்கம் கொடுத்துவிடுவார்கள். கொடுக்கக் கூடாது. ஒரே கட்டை பத்துப் பிள்ளைகளின் வாய்க்குப் போய்வரும் இடம் அது. முகாமில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மூன்றாம் நாள் விளையாட்டு இடத்தையே மூடவேண்டி வரும். என்ன செய்யலாம் என்று வயது வாரியாகச் சொல்லும் கையேடும் உண்டு. எளிமையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் பெட்டி வரும் நாளில் அதைப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. பெட்டி வருவதற்கு முன்பே கையேட்டை வாங்கிப் படித்துவிடுவது நல்லது.

இந்தப் பெட்டி எதைச் சரிசெய்ய வந்தது என்று தெரிந்தால்தான் மதிப்பெண் போட முடியும். வெள்ளமோ சுனாமியோ நிலநடுக்கமோ பார்த்த சின்னப் பிள்ளை, பெரியவர்களைப் போல “பயமா இருக்கு” என்று உட்கார்ந்து பேசாது. இரண்டு வயதுக்குள் என்றால் பால் குடிக்க மறுக்கும், தூக்கம் கெடும், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடும், பேசிக்கொண்டிருந்த நாலு வார்த்தையும் நின்றுபோகும். மூன்று வயதுக்கு மேல் என்றால் படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோயிருந்தாலும் திரும்பும், அம்மா கழிவறைக்குப் போனாலும் கதறும், ஒரே கேள்வியை நாளுக்கு இருபது முறை கேட்கும். “நான் சொன்ன பேச்சு கேக்கல, அதனாலதான் தண்ணி வந்துச்சு” என்று நினைத்துக்கொண்டு வாயே திறக்காமல் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. இந்தக் கடைசி விஷயம்தான் பெரியவர்கள் கண்ணில் படவே படாது.

முதல் மாதத்தில் இவை எல்லாமே இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் நின்றால்தான் கவலை. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேடான டி.எஸ்.எம்.-5, ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கென்று பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயைத் தனி அளவுகோலோடு பிரித்து வைத்தது. பெரியவர்களுக்கான அளவுகோலை வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைகளில் பலர் கணக்கில் வராமலே போய்விடுகிறார்கள் என்பதுதான் காரணம்.

நீண்டகால விளைவு என்று வரும்போது இரண்டு பழைய ஆய்வுகளைச் சொல்லியாக வேண்டும். 1983 பிப்ரவரி 16-இல் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவை எரித்த ‘ஆஷ் வெட்னஸ்டே’ காட்டுத்தீக்குப் பிறகு, 800-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை மெக்ஃபார்லேன் என்ற மனநல மருத்துவர் இரண்டு ஆண்டுக்கும் மேல் தொடர்ந்து பார்த்தார். பிள்ளை தீயை எவ்வளவு கிட்டத்தில் பார்த்தது என்பதைவிட, தீக்குப் பிறகு பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டதா, அம்மாவின் மனம் இன்னும் அந்த நாளிலேயே நிற்கிறதா, குடும்பத்தின் போக்கு மாறிப்போனதா என்பவைதான் பிள்ளையின் நிலையைத் தீர்மானித்தன. இன்னொன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1972-இல் நிலக்கரிக் கழிவணை உடைந்து 125 பேர் இறந்த பஃபலோ கிரீக் வெள்ளம். முழுக்க இயற்கைப் பேரிடர் என்று அதைச் சொல்ல முடியாது. பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியவா போகிறது? அப்போது பிள்ளைகளாக இருந்தவர்களை 17 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வெள்ளத்தை ஒட்டிய பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் சுமார் 7 விழுக்காட்டினரிடம்தான் மிஞ்சியிருந்தது. அவர்கள் எல்லோரும் பெண்கள்.

ஆகப் பெரும்பாலான பிள்ளைகள் மீள்கிறார்கள். மீளாத சிலரை அலையோ தீயோ மட்டும் பிடித்து வைத்திருப்பதில்லை. அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதும் சேர்ந்தே பிடிக்கிறது. வடகிழக்கு இலங்கையில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. போர், சுனாமி இரண்டையும் பார்த்த அந்தப் பிள்ளைகளின் மனநோயில் வீட்டு வன்முறைக்கும் பங்கு இருந்தது. அப்பாவின் குடியும் அந்த வன்முறையோடு சேர்ந்தே நின்றது. அவர்கள் மழலைகள் அல்ல, பள்ளி வயதினர். ஆனால் மழலைக்கு வீடு இன்னும் பெரிய உலகம்.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் பெட்டியின் பலமும் பலவீனமும் பளிச்சென்று தெரியும். பிள்ளைக்கு ஒழுங்கான ஒரு மணி நேரத்தை இது தருகிறது. அம்மாவுக்கு நேரடியாக எதையும் தருவதில்லை. மறைமுகமாக ஒன்றைத் தரலாம்: குளிக்கவும், ரேஷன் வரிசையில் நிற்கவும், பத்து நிமிடம் யாரும் பார்க்காமல் அழவும் அவளுக்குக் கிடைக்கும் நேரம். அதைத் திட்டமிட்டுக் கொடுத்தால்தான் உண்டு. காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால், அம்மாக்களுக்கான நிவாரணப் பதிவும் மருத்துவ முகாமும் அதே நேரத்தில் நடக்க வேண்டும். இதற்குக் காசு ஒன்றும் செலவில்லை, முகாம் அதிகாரியிடம் ஒரு பேச்சு போதும்.

இனி பொருட்கள். பெட்டியின் உண்மையான சொத்து கைப்பாவைகள். நேராகக் கேட்டால் பதில் சொல்லாத பிள்ளை பாவையிடம் சொல்லும். “உனக்கு பயமா இருக்கா?” என்று கேட்காதீர்கள். “இந்த முயலுக்கு மழைச் சத்தம் கேட்டா பயமாம். நாம என்ன பண்ணலாம்?” என்று பாவையைக் காட்டிக் கேளுங்கள். “அம்மா மடியில உக்காரச் சொல்லு” என்று பிள்ளை தானே வைத்தியம் சொல்லும். எந்தப் பாவையைக் கையில் எடுத்தாலும் குரல் நாளுக்கு நாள் மாறக் கூடாது. நேற்று முயலாக இருந்தது இன்றும் அதே முயலாக இருக்கட்டும்.

அடுத்தது கட்டைகள். பேரிடர் கண்ட பிள்ளை வீடு கட்டும், உடனே “தண்ணி வருது” என்று இடித்துத் தள்ளும். தடுக்க வேண்டாம், அதுதான் அதன் பேச்சு. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: நாளாக ஆக விளையாட்டு மாறுகிறதா? முதல் நாள் எல்லோரும் மூழ்கினார்கள், நாலாம் நாள் ஒருவர் மொட்டை மாடி ஏறினார், பத்தாம் நாள் படகு வந்தது என்றால் பிள்ளை தானே தேறி வருகிறது. அப்படி இல்லாமல் வாரக்கணக்கில் அதே இடி, அதே சத்தம், முடிவில் இன்னும் படபடப்பு என்றால் பெரியவர் மெல்ல உள்ளே நுழையலாம். “தண்ணி வந்துச்சு. அப்புறம் யாரு வந்தா?” என்று கேட்டு ஒரு பொம்மையைக் கையில் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் விளையாட்டு நகரவில்லை என்றால் அந்தப் பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய உதவி பெட்டிக்கு வெளியே இருக்கிறது.

புதிர்ப்பலகையில் ஒரு துண்டு தொலைந்துவிட்டால் பலகையையே எடுத்து வைத்துவிடுங்கள். சாதாரண நாளில் அது சின்ன விஷயம். வீட்டைத் தொலைத்த பிள்ளைக்கு முடிக்கவே முடியாத படத்தைக் கையில் கொடுப்பது வேறு. அட்டையை வெட்டி வண்ணம் தீட்டி அந்தத் துண்டைச் செய்து பொருத்திய பிறகு திரும்பக் கொடுக்கலாம்.

மணிகளும் டோமினோவும் மூன்று வயதுக்குக் கீழே கண்ணிலேயே படக் கூடாது. சுமார் 3 செ.மீ. குறுக்களவுள்ள குழாய்க்குள் போகிற எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கும் அளவுதான். இந்தப் பெட்டியில் எல்லா வயதுக்குமான பொருளும் ஒன்றாக வருவதால், வந்த அன்றே இரண்டு பைகளாகப் பிரித்து, சிறு பொருட்கள் உள்ள பையை ஆணியில் உயரமாக மாட்டிவிட வேண்டும். ஸ்பாஞ்சுப் பந்து உள்ளரங்கத்துக்கு நல்லது, யார் தலையிலும் காயம் படாது. மழைக்காலத்தில் மட்டும் தொல்லை. ஈரத்தோடு பெட்டிக்குள் போனால் இரண்டு நாளில் பூசணம். தினமும் பிழிந்து காயவைக்க வேண்டும்.

கிரேயான் விஷயத்தில் பெரியவர்கள் செய்யும் தவறுதான் அதிகம். கறுப்பு வண்ணத்தை எடுத்தாலே “பிள்ளை மனசு பாதிச்சிருக்கு” என்று எழுதிவிடுகிறார்கள். கறுப்பு தாளில் நன்றாகத் தெரியும் என்பதற்காகவும் பிள்ளை அதை எடுக்கும். இன்னும் மோசமானது, பார்வையாளர்கள் வரும் நாளில் “அலை வந்ததை வரைஞ்சு காட்டு” என்று கேட்டு வரையவைத்துப் படம் எடுப்பது. அது விளையாட்டும் அல்ல, சிகிச்சையும் அல்ல. நடந்ததைச் சொல், வரை என்று பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. வரைய விரும்பியதை வரையட்டும், வரைந்தால் “இதைப் பத்தி சொல்றியா?” என்று ஒருமுறை கேட்டு விட்டுவிடுங்கள்.

களிமண் முதலில் தீர்ந்துபோகும். தீர்ந்ததும் வீட்டிலேயே செய்யலாம்: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் வரை தண்ணீர், நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, மூடிய டப்பாவில் வைத்தால் சில நாள் தாங்கும். காற்றில் ஈரம் அதிகம் என்றால் பிசுபிசுக்கும், கொஞ்சம் மைதா சேர்க்கலாம். உப்பு அதிகம் என்பதால் வாயில் போடும் வயதுப் பிள்ளைக்கு இது வேண்டாம். அவர்களுக்கு உப்பில்லாத சப்பாத்தி மாவே போதும்.

பெட்டியில் இல்லாத சில, நம் ஊரில் எளிதாகக் கிடைப்பவை. செப்புச் சாமான் ஒரு செட் கட்டாயம் சேர்க்க வேண்டும். சோறாக்கி எல்லோருக்கும் பரிமாறும் விளையாட்டைப் போல, வீடு இழந்த பிள்ளைக்கு வீட்டை மீட்டுத் தரும் விளையாட்டு வேறு இல்லை. கைக்குழந்தைகளுக்குப் பழைய பருத்திப் புடவையில் தூளி. அது கட்டப் போதுமான வலுவுள்ள உத்தரம் இருக்கிறதா என்று ஒரு ஆள் தொங்கிப் பார்த்தபிறகே கட்டவேண்டும். பாட்டிகளை வரவழைத்துத் தாலாட்டும் கதையும் சொல்லச் சொன்னால், அட்டைப் புத்தகங்கள் செய்யாததை அவர்கள் செய்வார்கள். பிள்ளை பயந்திருக்கிறது என்று மந்திரித்துக் கயிறு கட்டிவருவதைச் சில தன்னார்வலர்கள் கிண்டலடிக்கிறார்கள். அடியும் சூடும் புகையும் இல்லாதவரை அதில் கெடுதல் இல்லை. அம்மா தைரியமானால் பிள்ளையும் தைரியமாகும்.

ஐம்பது பிள்ளைகளுக்கான பெட்டி என்றால் ஐம்பதையும் ஒன்றாக உட்காரவைக்கலாம் என்று அர்த்தமில்லை. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் அம்மாவோ பாட்டியோ கூடவே இருந்தால் மட்டும். இரண்டு முதல் நான்கு வயதுவரை 15 பிள்ளைக்கு இரண்டு பெரியவர், ஐந்து வயதும் அதற்கு மேலும் என்றால் 20 பிள்ளைக்கு இரண்டு பேர். ஒரு குழுவுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஒரே இடம், ஒரே நேரம், ஆரம்பிக்க ஒரே பாட்டு, முடிக்க ஒரே பாட்டு, கை கழுவி வீட்டுக்கு. நாளை என்ன நடக்கும் என்று சொல்லத் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு உலகம் திரும்பவும் நம்பக்கூடியதாக ஆகும். இதனாலேயே வாரம் ஒரு புதுத் தன்னார்வலரை அனுப்புவதைவிட, உள்ளூர் அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் தொடர்ந்து நடத்துவது நல்லது. ஒட்டிக்கொண்ட ‘அக்கா’ பத்தாம் நாள் சொல்லாமல் போய்விட்டால், அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு இழப்பு. போகத்தான் வேண்டும் என்றால் மூன்று நாள் முன்பே சொல்லி, விடைபெற்றுப் போகவேண்டும்.

பெட்டி பூட்டியே கிடப்பதற்கு முக்கியக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல, இருப்புப் பதிவேடு. கட்டை ஒன்று தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பணியாளர் சாவியை முந்தானையில் முடிந்து வைத்துவிடுவார். கட்டைகளும் தாளும் களிமண்ணும் கிரேயானும் தேய்மானப் பொருள், கணக்குக் கேட்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். மறுநாளே பெட்டி திறக்கும்.

பெட்டி போதாது என்பதை எப்போது ஒப்புக்கொள்வது? ஒரு மாதம் தாண்டியும் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பேச்சு திரும்பவில்லை, தன்னையோ பிறரையோ கடித்தும் அடித்தும் காயப்படுத்துகிறது, அல்லது யாரோடும் எதோடும் ஒட்டாமல் மரக்கட்டைபோல் உட்கார்ந்திருக்கிறது என்றால் மருத்துவரிடம் போகவேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு உண்டு. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416. பிள்ளையின் பாதுகாப்பே கேள்விக்குறி என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. தூக்கம் வரட்டும் என்று யாராவது தூக்கமாத்திரை கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதிர்ச்சியின் முதல் மாதத்தில் பென்சோடயாஸெபீன் வகைத் தூக்க மருந்துகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே சொல்லிவிட்டது. படுக்கை நனைப்பதற்கும் அதன் அறிவுரை அடி அல்ல, திட்டு அல்ல: நனைக்காத நாளுக்குக் காகிதத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவது போன்ற எளிய ஊக்கம்தான். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கென்றே, கத்ரீனா புயலைக் கண்ட நியூ ஆர்லியன்ஸில், பெற்றோரையும் சேர்த்து 12 அமர்வுகளில் முடியும் பேச்சுச் சிகிச்சையைச் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். ‘இந்த வயசுப் பிள்ளைக்கு என்ன கவுன்சலிங்’ என்று யாரும் தட்டிக்கழிக்க இடமில்லை.

இறந்தவர்களைப் பற்றிய பேச்சு கையேட்டைத் தாண்டிய விஷயம், ஆனால் விளையாட்டு இடத்தில் கட்டாயம் வரும். “அப்பா ஊருக்குப் போயிருக்கார்” என்று சொன்னால் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். “தூங்குறார்” என்று சொன்னால் தூங்கவே பயப்படும். “இறந்துட்டார். இனிமே வரமாட்டார். உன்மேல எந்தத் தப்பும் இல்ல. அம்மா உன்கூடத்தான் இருக்கேன்” என்று நாலே வாக்கியம். பத்து முறை கேட்டால் பத்து முறையும் இதே வார்த்தைகள். சொல்ல வேண்டியவர் அம்மா அல்லது மிக நெருங்கிய உறவு. பணியாளர் பக்கத்தில் இருந்தால் போதும்.

பெட்டியை வாங்குவோர் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்கே திட்டம் போடுகிறார்கள். அது போதாது. போராலும் பேரிடராலும் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கான பாதுகாப்பான விளையாட்டு இடங்களை ஐந்து நாடுகளில் பார்த்த ஆய்வுகள் சொல்வது இது: பலன் சிறியது, இளைய பிள்ளைகளிடம் கூடுதல், நாளானால் தேய்ந்துபோகிறது. ஆகவே முகாம் மூடும் அன்று பெட்டியைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்பாமல், குடும்பங்கள் குடியேறும் இடத்தின் அங்கன்வாடிக்குக் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். தாள், கிரேயான், களிமண்ணுக்கான மைதா, சோப்பு ஆகியவற்றுக்கு ஓராண்டுக்கு மாதச் செலவு ஒதுக்கவேண்டும். அடுத்த ஆண்டு அதே பருவத்தில் முதல் பெருமழை பெய்யும் நாளில், பாவைகளையும் கட்டைகளையும் வெளியே எடுத்து வைத்திருங்கள். தேறிவிட்டதாக நினைத்த பிள்ளைகளில் சிலருக்கு அன்றைக்குத்தான் மறுபடியும் அவை தேவைப்படும்.